ஆழ்கடலுக்கு ஒரு பொறுப்பாளர்

மனித குலம் இதுவரை எத்தனையோ பெரிய காரியங்களைச் செய்து முடித்திருக்கிறது. மலையைக் குடைந்து ரயில் விட்டது. நிலாவில் போய் இறங்கியது. கேளம்பாக்கம் கூட்டுரோட்டைச் சாயங்காலம் ஆறு மணிக்கு நடந்து கடந்தது. ஆனாலும் நீலத்திரை அடுக்ககத்தில் நடந்ததற்கு முன்னால் இவையெல்லாம் கால் தூசு. அங்கே பன்னிரண்டு பேர், எல்லாரும் படித்தவர்கள், லீவில் ஒரு நாள் படகில் போய் மீன் பிடிப்பதென்று முடிவு செய்து, அதற்காக ஆறு மாதம் திட்டம் போட்டார்கள்.

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையுமே சும்மா செய்யத் தெரியாது என்பது ஏசுபாதத்தின் குறை. சோறு வந்தால் சாப்பிடுவதில்லை. முதலில் படம் எடுக்கிறார்கள், சோறு ஆறுகிறது. நடப்பதற்குக் கால் போதவில்லை. மணிக்கட்டில் ஒரு கடிகாரம் 'நீ நடந்தாய்' என்று சொன்னால்தான் நடந்ததாகவே நம்புகிறார்கள். லீவு விட்டால் காலை நீட்டிப் படுப்பதை விட்டுவிட்டு, லீவை எப்படிக் கழிப்பது என்று வேலை நாளெல்லாம் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். மீன் வேண்டுமென்றால் கோவளத்தில் காலையில் கிடைக்கிறது. அதுவும் செத்த மீன், சண்டைக்கு வராது.

ஏசுபாதத்துக்கு வயது எழுபத்தொன்று. செய்யூர்ப் பக்கத்தில் ஊரான் கழனியில் ஐம்பது வருஷம் ஏரும் அறுப்புமாக இருந்துவிட்டு, சம்சாரம் போன பிறகு மகன் ஜோயலின் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தவர். மூன்றாம் வகுப்பு வரைக்கும் படிப்பு. பஸ் போர்டு வாசிப்பார், தன் பேரை எழுதுவார், அதோடு சரி. அவர் நம்பாத பொருள்கள் பல: லிஃப்ட், பாக்கெட் பால், சிரித்துக்கொண்டே பேசுகிறவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் காகிதம்.

காகிதத்தின் மேல் அவருக்கு வந்த கோபத்துக்குக் காரணம் ஒரு மாடு. முப்பத்தைந்து வயதில், பக்கத்துத் தெருக்காரன் மாடு காணாமல் போனபோது, 'சும்மா சாட்சிக்கு' என்று ஒரு தாளை நீட்டினார்கள். இவரும் சும்மா கையெழுத்துப் போட்டார். மாடு மூன்றாம் நாளே தானாகத் திரும்பி வந்துவிட்டது. வழக்கு திரும்பி வரவில்லை. பதினோரு வருஷம் மதுராந்தகம் கோர்ட்டுக்கு அலைந்தார். மாடு செத்தது, மாட்டுக்காரன் செத்தான், வக்கீல் மாறினார், ஜட்ஜு மூன்று பேர் மாறினார்கள். 'ஏசுபாதம் வந்திருக்கிறாரா' என்று கூப்பிடும் குரல் மட்டும் மாறவே இல்லை.

நீலத்திரை அடுக்ககத்தின் பேரில்தான் கடல் இருந்தது. விற்கும்போது 'கடல் தெரியும்' என்று சொல்லி விற்றார்கள். தெரியும்தான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நிற்க வேண்டும், எதிர்க் கட்டடத்துக்காரன் அன்றைக்குப் போர்வை காயப்போடாமல் இருக்க வேண்டும். ஆகவே, கடல் நம்மிடம் வராதபோது நாம் கடலிடம் போவோம் என்று ஏழாவது மாடி ஹரிகிருஷ்ணன் அறிவித்தார்.

ஹரிகிருஷ்ணன் லேசுப்பட்ட ஆள் இல்லை. சிறுசேரியில் ஒரு கம்பெனியில் நாற்பது பேருக்கு மேலாளர். அந்த நாற்பது பேரில் ஜோயலும் ஒருவன். இந்த வருஷம் யாருக்குப் பதவி உயர்வு என்ற பட்டியல் அவர் கையில் இருந்தது. அதனால், ஜோயலுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆழ்கடல் மீன்பிடிப்பின் மேல் இருந்த ஆசை, ஏப்ரல் மாதத்தில் திடீரென்று வெளிப்பட்டது.

மே மாத லீவில் போவதாகத்தான் ஏற்பாடு. மே மாதம் முழுக்க வாட்ஸ்அப் குழுவுக்குப் பேர் வைப்பதில் போயிற்று. மூன்று சுற்று வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு பேர் குழுவை விட்டுக் கோபித்துக்கொண்டு வெளியேறி, கெஞ்சியபின் திரும்பி வந்தார்கள். பயணம் காலாண்டு லீவுக்கு மாறியது. ஜூனில் டீ-ஷர்ட்டின் நிறத்தை ஆராய்ந்தார்கள். நீலம் வேண்டாம், கடலோடு கலந்து ஆளே தெரியாமல் போய்விடும் என்று 'பாதுகாப்புத் துணைக்குழு'வின் தலைவி திவ்யா எச்சரித்ததால் ஆரஞ்சு முடிவாயிற்று. ஜூலையில் 'இலக்கு' நிர்ணயித்தார்கள். ஆளுக்கு இரண்டரை மீன். அந்த அரை மீனை எப்படிப் பிடிப்பது என்று கேட்டவருக்கு, அது சராசரி என்று எக்செல் தாளைக் காட்டி விளக்கினார்கள். அவரும் தெளிந்தார்.

ஆகஸ்டில் 'ஒத்திகை'. கீழ்த்தள ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் படகு மாதிரி அடுக்கி, பன்னிரண்டு பேரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஹரிகிருஷ்ணன் எதிரே நின்று, "அலை, லெஃப்ட்" என்றார். பன்னிரண்டு பேரும் இடது பக்கம் சாய்ந்தார்கள். "அலை, ரைட்." வலது பக்கம் சாய்ந்தார்கள். ஒரு நாற்காலியின் கால் முறிந்து, மூன்றாம் மாடி ஜானகிராமன் தரையில் விழுந்தார். 'ஒரு பயணி கடலில் தவறி விழுந்து, பதினெட்டு விநாடியில் வெற்றிகரமாக மீட்கப்பட்டார்' என்று அறிக்கையில் பதிவாயிற்று.

கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஏசுபாதம், காவலாளி சுப்பிரமணியைக் கேட்டார். "இன்னாப்பா, யாருக்காவது ஒடம்பு சரியில்லியா?"

"மீன் புடிக்கப் போறாங்களாம் பெரியவரே."

"நாற்காலிலயா?"

அங்கே நின்றதுதான் அவர் செய்த தப்பு. திவ்யா பார்த்துவிட்டாள்.

"அங்கிள், உங்க நேட்டிவ் எது?"

"செய்யூரு."

திவ்யா போனில் தட்டிப் பார்த்தாள். "செய்யூர் டு ஸீ, எட்டே கிலோமீட்டர். ஹரி, அங்கிள் கோஸ்டல்."

"நாங்க கழனி வேல செய்றவங்கம்மா. நெல்லு, மல்லாட்டை. கடல்ல எனக்கு ஒண்ணும் தெரியாது."

"பார்த்தீங்களா, எவ்ளோ ஹம்பிள்," என்று ஹரிகிருஷ்ணன் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்.

"அதெல்லாம் இல்லப்பா. தெரியாது."

"ஐயா, கடல் நல்லாத் தெரிஞ்சவங்கதான் கடல் தெரியாதுன்னு சொல்வாங்க."

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கு ஓரளவு தெரியும்."

"அதான பாத்தேன்," என்றார் ஏசுபாதம்.

படித்தவர்களின் பார்வை விசாலமானது. ஏர் பிடித்தவன், வலை பிடித்தவன், செங்கல் தூக்கியவன் என்ற வேற்றுமையெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டி, முகம் கொஞ்சம் கறுத்திருந்தால் போதும். மழை, மூலிகை, பாம்பு, சுறா எதைப் பற்றியும் அவனைக் கேட்கலாம். இவ்வளவு பெரிய மனசை ஏசுபாதம் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கே அவரைத் 'தலைமைக் கடல் ஆலோசகர்' ஆக்கி, கைதட்டி, சால்வை போர்த்தினார்கள்.

சால்வை தோளில் விழுந்ததும் அவர் உஷாரானார். சும்மா நின்றவனைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினால் பின்னாலேயே ஏதோ வருகிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து அதை உதறிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

பத்து நாள் கழித்து விழுந்தது. ஒன்பது பக்கம்.

அது ஜானகிராமனின் கைவண்ணம். ஒரு பெரிய கம்பெனியில் முப்பது வருஷம் ஒப்பந்தங்களைத் தயாரித்து ஓய்வு பெற்றவர் அவர். வேலை போனாலும் கை சும்மா இருக்குமா? பயணத்துக்கென்று 'பொறுப்பேற்புப் பத்திரம்' ஒன்றை இங்கிலீஷில் எழுதிக் குழுவில் போட்டார். அதன் கடைசிப் பக்கத்தில், 'பொறுப்பாளர்' என்று ஒரே ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டில் யார் கையெழுத்துப் போடுவது என்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் கூடினார்கள்.

தலைவரான ஹரிகிருஷ்ணன் போடுவதற்குத் துடித்தார். ஆனால் தலைவரே பொறுப்பாளராகவும் இருந்தால் அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்துவிடும் என்ற ஒரே காரணத்துக்காகத் தன்னை அடக்கிக்கொண்டார். திவ்யா பாதுகாப்பைக் கவனிப்பவள். பாதுகாப்பைக் கவனிப்பவர் ஆபத்துக்குப் பொறுப்பேற்பது முரண். பத்திரத்தை எழுதியவரே அதில் கையெழுத்துப் போடுவது தொழில் தர்மம் இல்லை என்று ஜானகிராமன் கண்கலங்கச் சொன்னார். இப்படி ஒவ்வொருவரும் அந்தப் பெருமையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஒருவருக்காவது தன்னலம் இருந்ததா என்றால், இல்லை. கடைசியில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பேர் ஞாபகம் வந்தது.

ஜோயல் பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வைத்தான்.

"நைனா, ஒரு கையெழுத்து. சும்மா, அட்டெண்டன்ஸ் மாதிரி."

"எத்தினி பக்கம்?"

"ஒம்பது."

"நான் வந்துட்டேன்னு சொல்றதுக்கு ஒம்பது பக்கமா?"

"இங்கிலீஷ்ல அப்டித்தான் நைனா வரும்."

"நீ படிச்சியா?"

"ஜானகிராமன் சார் எழுதினது. கரெக்டாத்தான் இருக்கும்."

"அவரு எழுதுனாரு. நீ படிச்சியான்னு கேட்டேன்."

ஜோயல் குழம்புக் கிண்ணத்தை அப்பா பக்கம் நகர்த்தினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நைனா, லிஸ்டு அவர் கையில கீது. மூணு வருஷமா இதே சீட்டுல ஒக்காந்துகினு கீறேன். வேணாம்னு எப்டிச் சொல்றது?" என்றான்.

அடுக்களையிலிருந்து மருமகள் சிநேகா எட்டிப் பார்த்தாள். "அவருக்கு அவரோட சார் பயம். உங்களுக்குப் பேப்பர் பயம். நடுவுல என் கொழம்பு ஆறிப்போவுது மாமா."

மகனைப் பார்த்தார் ஏசுபாதம். நாற்பது வயதுக்கு இன்னும் இரண்டு இருக்கிறது. கண்ணுக்குக் கீழே அதற்குள் கறுப்பு. போடவில்லையென்றால் பையன் பிழைப்பு போச்சு. போட்டால் பன்னிரண்டு உயிர் இவர் பேரில். மாடு ஒன்றே ஒன்று, அதுவும் கால்நடையாகத் திரும்பி வந்த மாடு, பதினோரு வருஷம் வாங்கியது.

"போட்டுக்காரன் யாரு? அவனப் பாத்துட்டுப் போடறேன்," என்றார்.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் கோவளம் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கமே ஒரு குப்பத்தில் இறங்கினார். இரண்டு ஃபைபர் படகு வைத்திருக்கும் முத்துசாமி மணலில் குந்தி, எஞ்சினைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்கதான் அந்தக் கேப்டனா? போன்ல சொன்னாங்க. கடல்லயே பொறந்து வளந்தவருன்னு."

"நான் கழனில பொறந்தவன்பா. எனக்கு நீச்சல்கூட ஏரியில அரைக் கரை வரைக்கும்தான்."

முத்துசாமிக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "அண்ணாத்த, நாலு மாசமா எனக்கு டெய்லி போன் வந்துகினு கீது. மீனு எத்தினி மணிக்கு வரும்னு கேக்குறாங்க. போட்டுல சார்ஜர் பாயிண்ட் கீதான்னு கேக்குறாங்க. நேத்து அந்தம்மா, அலை இல்லாத ரூட்டு எதுனா கீதான்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"கீது, ஈசிஆர் ரோடுன்னு சொன்னேன்."

ஏசுபாதம் சிரிக்கவில்லை. சிரிக்க வைக்கிறவனையும் அவர் நம்புவதில்லை. பையிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினார். "இது நீ கேட்டதா?"

முத்துசாமி எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துவிட்டு வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். "இன்னாது இது? நான் எதுக்குப் பேப்பர் கேக்கப்போறேன்?"

"ஏதாச்சும் ஆயிட்டா யாரு பொறுப்புன்னு இதுல எழுதிக் கீதாம்."

"என் போட்டுல ஏறுனா என் பொறுப்பு. ஏறுறதுலருந்து எறங்குற வரைக்கும். அதுக்கு இன்னா பேப்பரு?"

"வாயால சொன்னாப் போதுமா?"

"வேற எதால சொல்றது? காத்து சரியில்லன்னா எடுக்க மாட்டேன். லைஃப் ஜாக்கெட் போடலன்னா ஏத்த மாட்டேன். எழுந்து நின்னு போட்டோ எடுத்தா, ரெண்டு திட்டுத் திட்டி ஒக்கார வெப்பேன். எத்தினி பெரிய மேனேஜரா இருந்தாலும்."

இவ்வளவு சுலபமாக ஒருத்தன் பொறுப்பை ஒத்துக்கொண்டது ஏசுபாதத்துக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. எஞ்சினை மாட்டி ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓடியது. மிதவைச் சட்டைகளை வெளியே எடுத்துப் போடச் சொல்லி எண்ணினார். பதினாறு இருந்தன. ஒன்றில் வார் அறுந்திருந்தது.

"இது?"

"அது என் மச்சானுக்கு வெச்சிக் கீறேன்," என்றான் முத்துசாமி. ஆனாலும் பெரியவர் நகராமல் நின்றதால், அதைத் தூக்கித் தனியாகப் போட்டான்.

இறுதிக் கூட்டம் பயணத்துக்கு முந்தின புதன்கிழமை. ஹாலில் பேனர் கட்டியிருந்தார்கள். ஆரஞ்சு டீ-ஷர்ட்டில் பன்னிரண்டு பேர். மேசையில் ஒரு தட்டு, தட்டில் பத்திரம், பத்திரத்தின் மேல் வெல்வெட் பெட்டியில் பேனா. ஏசுபாதத்தை நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கால் முறியாத நாற்காலிதானா என்று தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

ஹரிகிருஷ்ணன் பேசினார். குழு முயற்சி, தொலைநோக்கு, 'நம்ம மண்ணோட அனுபவம்' என்று ஒன்றும் விடாமல் பேசி, பேனாவைத் திறந்து நீட்டினார்.

"யாராச்சும் இதப் படிங்க," என்றார் ஏசுபாதம்.

"ஐயா, படிக்கத் தேவையில்ல. குரூப்ல போட்டோம். எல்லாரும் ஓகே பண்ணிட்டாங்க."

"எல்லாரும் படிச்சிட்டாங்களா?"

ஹரிகிருஷ்ணன் ஜானகிராமனைப் பார்த்தார். ஜானகிராமன், தான் எழுதியதோடு சரி, பாதி பழைய ஒப்பந்தத்திலிருந்து எடுத்தது என்றார். திவ்யா தன் போனை நீட்டினாள். "எல்லாருமே ரியாக்ட் பண்ணியிருக்காங்க அங்கிள். பாருங்க."

ஏசுபாதம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பத்திரத்தின் கீழே வரிசையாகப் பன்னிரண்டு மஞ்சள் கட்டைவிரல். அவர் ஊரில் எழுதத் தெரியாதவர்களைக் 'கைநாட்டு' என்று கேலி பண்ணுவார்கள். அந்த அவமானத்துக்குப் பயந்துதான் அவருடைய அப்பா அவரை மூன்றாம் வகுப்பு வரைக்குமாவது அனுப்பினார். இங்கே பட்டம் வாங்கிய பன்னிரண்டு பேரும் படிக்காமலேயே கட்டைவிரல் வைத்திருந்தார்கள். மை செலவு இல்லை என்பது மட்டும்தான் முன்னேற்றம்.

"நான் போட மாட்டேன்பா," என்றார்.

ஹரிகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே ஜோயல் பக்கம் திரும்பினார். "ஜோயல், இது நீ எடுத்துக்கிட்ட டாஸ்க். எப்படி முடிக்கப் போற?"

ஜோயலுக்குக் காது சிவந்தது. எழுந்து வந்தான். "நைனா, நீ வுடு. சார், நான் போட்டுடறேன்."

அவன் பேனாவை எடுத்தபோது ஏசுபாதம் பத்திரத்தின் மேல் கையை அகலமாக வைத்தார். "போடு. நான் வேணாங்கல. படிச்சிட்டுப் போடு. தமிழ்ல. சத்தமா."

வேறு வழி இல்லாமல் ஜோயல் படித்தான். முதல் ஆறு பக்கம் 'மேற்படியார்', 'கீழ்க்கண்டவர்' என்று போயிற்று. இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். ஏழாவது பக்கத்திலிருந்து யாரும் விடவில்லை.

"பயணிகளில் எவருக்கேனும் வாந்தி, மயக்கம், எலும்பு முறிவு, உறுப்பு இழப்பு, மரணம், அல்லது... அல்லது செல்போன் இழப்பு ஏற்பட்டால், அதற்குப் பொறுப்பாளரே முழுப் பொறுப்பு."

"செல்போன் கடைசிலயா இருக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கவலையோடு கேட்டார்.

"நிர்ணயித்த அளவு மீன் கிடைக்காவிட்டால், பங்கேற்பாளர்களின் மனவேதனைக்கும் அவரே பொறுப்பு. எவரேனும் கரை திரும்பாவிட்டால், அன்னாரது வீட்டுக்கு நேரில் போய், குடும்பத்தாரிடம் முறையாகத் தெரிவிப்பதும் பொறுப்பாளரின் கடமை. பயணிகள் பட்டியல் கீழே. ஒன்று, ஹரிகிருஷ்ணன். இரண்டு, திவ்யா. மூன்று, ஜானகிராமன். நாலு..."

ஜோயல் நின்றுவிட்டான்.

"படி," என்றார் ஏசுபாதம்.

"நாலு, நான், நைனா."

"அப்ப நீ கடல்ல முழுகிப் பூட்டா, நான் போயி சிநேகாகிட்ட முறையா தெரிவிக்கணும். அதுக்குத்தான் என்னக் கையெழுத்துக் கேட்ட?"

ஜோயல் தாள்களை அடுக்கித் தட்டில் திருப்பி வைத்தான். பிறகு பேனாவுக்கு மூடியைப் போட்டு, வெல்வெட் பெட்டிக்குள் வைத்து, பெட்டியையும் மூடினான். "சார், நைனா போட மாட்டாரு. நானும் போடல," என்றான். பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டான்.

"பேப்பரே வேணாம்பா," என்றார் ஏசுபாதம். "போட்டுக்காரனப் பாத்துட்டு வந்தேன். எஞ்சின் ஓடுது, சட்டை எண்ணிட்டேன். ஏறுனதுலருந்து எறங்குற வரைக்கும் அவன் பொறுப்புன்னான். சனிக்கெழம விடிகாலைல போனா கூட்டிகினு போவான்."

"எழுத்துல கொடுத்தானா?" என்று ஜானகிராமன் கேட்டார்.

"வாயாலதான் சொன்னான்."

ஹாலில் ஒரு நடுக்கம் ஓடியது. எழுத்தில் இல்லாமல், வெறும் வாயால், தானாகவே ஒருத்தன் பொறுப்பேற்கிறான் என்றால் அவன் எவ்வளவு ஆபத்தான ஆளாக இருப்பான். இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்று திவ்யா நெஞ்சில் கை வைத்தாள். அதன்பிறகு, சனிக்கிழமை கிரகப்பிரவேசம் இருப்பது ஒருவருக்கு ஞாபகம் வந்தது. ஒருவருக்குப் பிள்ளையின் அபாகஸ் போட்டி. ஒருவருக்குக் கழுத்து வலி அந்த நிமிஷமே தொடங்கியது. கால் மணி நேரத்தில், 'ஆழ்கடல் பயணம் வெற்றிகரமாக ஒத்திவைக்கப்பட்டது' என்று தீர்மானம் நிறைவேறியது. எல்லாரும் கைதட்டினார்கள். ஆரஞ்சு டீ-ஷர்ட்டோடு பேனருக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டார்கள். கடல் பின்னால் தெரிகிற மாதிரி படத்தை மாற்றி, அன்றே குழுவில் போட்டும்விட்டார்கள்.

சனிக்கிழமை விடிகாலையில் ஜோயலும் சிநேகாவும் முத்துசாமியின் படகில் போனார்கள். அதற்குத் திட்டம் எதுவும் இல்லை, வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது, "போலாமா?" என்று சிநேகா கேட்டாள், "போலாம்" என்று ஜோயல் சொன்னான். ஏசுபாதம் ஏறவில்லை. கடலையும் அவர் நம்புவதில்லை. கரையில் நின்று, படகு சின்னதாகி மறையும் வரைக்கும் பார்த்து, மறுபடி தெரிகிற வரைக்கும் அதே இடத்தில் நின்றார். ஜோயல் போனதிலிருந்து வந்தது வரைக்கும் வாந்தி எடுத்தான். எழுந்து நின்று படம் எடுத்ததற்காகச் சிநேகா இரண்டு திட்டு வாங்கினாள். வாங்கிய கையோடு மூன்று சங்கரா மீன் பிடித்தாள். இறங்கும்போது முத்துசாமி பெரியவரைப் பார்த்து, "எண்ணிக்கோங்க அண்ணாத்த, ரெண்டு பேரு," என்றான். எண்ணிக்கொண்டார்.

நவம்பரில் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. ஜோயல் பேர் அதில் இல்லை. அவனைப் பற்றிய குறிப்பில், வேலையில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் 'பொறுப்பேற்கும் மனப்பான்மை போதாது' என்று எழுதியிருந்தது. அதை ஜோயல் தமிழில் சொன்னபோது, வாந்தி எடுத்த நாளைவிடத் தெளிவாகவே இருந்தான். வேறு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாகவும் சொன்னான்.

இரண்டு நாள் கழித்து, லிஃப்ட்டுக்காக நின்றிருந்த ஹரிகிருஷ்ணனை ஏசுபாதம் பிடித்தார்.

"என் பையனுக்குப் பொறுப்பு போதாதுன்னு எழுதிக் கீதாமே. எழுதுனது நீயா?"

"ஐயோ, நான் இல்லீங்க ஐயா. ஜோயல் எவ்ளோ நல்ல பையன். அது சிஸ்டம் எழுதறது. நான் மார்க் மட்டும்தான் போடுவேன்."

"அப்ப அந்த சிஸ்டத்துக்கு யாரு பொறுப்பு?"

"அது எல்லாருக்கும் பொது ஐயா. கம்பெனி முழுக்க."

"கீழ யாரு கையெழுத்து?"

"கையெழுத்தே கிடையாது ஐயா," என்று ஹரிகிருஷ்ணன் பெருமையோடு சொன்னார். "கம்ப்யூட்டர்லயே வர்றது. கையெழுத்துத் தேவையில்லன்னு அடியில போட்டிருக்கும்."

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. "வாங்க ஐயா, ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல," என்று ஹரிகிருஷ்ணன் உள்ளே இடம்விட்டு நின்றார்.

ஏசுபாதம் அவரை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.